அத்தியாயம் 6: ஷாந்தெக்ளேர், ஏரிக்கரைக் கோழி

ஜனவரி மாதத்தில் விடியக் கூட்டைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சேவலின் கொண்டையை. முட்டைப் பெட்டி அதற்குப் பிறகு. கொண்டையின் நுனி வெளிறியிருந்தால் இரவு அது உறைந்துவிட்டது. சில நாளில் கறுக்கும், பிறகு காய்ந்து உதிரும். சேவலின் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த நோவில் அது சரியாகத் தீன் எடுக்காது, பெட்டைகளை அணைக்காது. மார்ச் மாதத்தில் அடைவைக்க எடுத்து வைத்த முட்டைகள் கூமுட்டையாகப் போன பிறகுதான் பலருக்கு ஜனவரி இரவின் நினைவு வரும்.

கியூபெக்கின் இல்-பிசார் தீவில் குளிர் சும்மா வருவதில்லை, ஏரிக் காற்றோடு வரும். லாக் தே டூ மொந்தாஞ் ஏரி உறைந்த பிறகு அந்த வெட்டவெளியில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை காட்டும் இரவுகளும் வரும். நிமிர்ந்த பெரிய ஒற்றைக் கொண்டையுள்ள லெகோர்ன் சேவல் அந்த இரவுகளுக்குப் பிறந்ததல்ல. அதன் பூர்வீகம் இத்தாலி. கொண்டையும் தாடியும் இரத்தம் நிறைந்த மெல்லிய தோல். வெயில் நாட்டில் உடற்சூட்டை வெளியே விடும் வழி அதுதான், குளிர் நாட்டில் குளிர் உள்ளே நுழையும் வழியும் அதுதான்.

இந்த அத்தியாயம் கொண்டையே இல்லையோ என்று நினைக்க வைக்கும் ஒரு கோழியைப் பற்றியது. ஷாந்தெக்ளேர் சேவலின் தலையில் சின்ன மெத்தையை வைத்து அமுக்கியதுபோல ஒரு சிவப்புத் திட்டு மட்டும் இருக்கும். தாடி இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க வெள்ளை, அடர்ந்த இறகு, அகன்ற நெஞ்சு. வளர்ந்த சேவல் 8.5 இறாத்தல், பெட்டை 6.5 இறாத்தல் என்பது இனத் தராதர நூல் சொல்லும் நிறை. தவிட்டு நிற முட்டை, மஞ்சள் தோல். அகதியாக வந்து இந்த மண்ணில் வேர் பிடித்த நம்மவர்களில் யாராவது தீவிலோ அதைச் சுற்றியோ ஒரு துண்டு நிலம் எடுத்துக் கோழி வளர்க்கப் போகிறேன் என்று என்னிடம் வந்தால், வேறு எந்த இனத்தின் பெயரையும் சொல்வதற்கு முன் இதன் பெயரைச் சொல்வேன்.

ஏரிக்கு அக்கரையில்

தீவிலிருந்து அதே ஏரியோடு மேற்கே போனால் வடகரையில் ஓக்கா. பெயரைக் கேட்டதும் பலருக்குக் கடையில் வாங்கும் சீஸ் நினைவுக்கு வரும். அந்தச் சீஸைச் செய்யத் தொடங்கிய திராப்பிஸ்ட் துறவிகள்தான் இந்தக் கோழியையும் உருவாக்கினார்கள். 1881இல் பிரான்சிலிருந்து வந்து மடம் அமைத்தவர்கள் அவர்கள். பேச்சைக் குறைத்து உழைப்பை நோன்பாகக் கொண்டவர்கள். மடத்தோடு சேர்ந்து ஒரு வேளாண் கல்லூரியும் நடந்தது, 1908இல் அது மொன்றியலிலிருந்த லாவல் பல்கலைக்கழகக் கிளையோடு இணைந்தது. அங்கே கோழிப் பிரிவைக் கவனித்தவர் சகோதரர் வில்ஃப்ரிட் ஷாத்லேன்.

அவருக்கு முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. கியூபெக்கின் பண்ணை முற்றங்களில் அன்று திரிந்த கோழிகள் எல்லாம் இங்கிலாந்து, இத்தாலி, அமெரிக்கா என்று வேறிடங்களில் உருவானவை. இந்தக் குளிருக்கென்று, இந்த நாட்டுக்கென்று ஒரு கோழி ஏன் இல்லை? 1908இல் அவர் இரண்டு கலப்புகளைத் தொடங்கினார். ஒன்றில் கறுப்புக் கோர்னிஷ் சேவலுக்கு வெள்ளை லெகோர்ன் பெட்டை. மற்றதில் றோட் ஐலண்ட் ரெட் சேவலுக்கு வெள்ளை வயண்டோட் பெட்டை. அடுத்த ஆண்டு முதற் கலப்பின் பெட்டைகளை இரண்டாம் கலப்பின் சேவல்களோடு சேர்த்தார். அதற்கும் அடுத்த ஆண்டு, தெரிந்தெடுத்த பெட்டைகளுக்கு வெள்ளை பிளிமத் றொக் சேவல். அதன் பிறகு புதிதாகப் பெரிதும் சேர்க்காமல் கழித்துக் கழித்து வந்தார். எந்தப் பெட்டை எந்த முட்டையை இட்டது என்று தெரிய, உள்ளே போனால் தானாக மூடிக்கொள்ளும் முட்டைப் பெட்டிகளை வைத்தார். குளிர்காலத்திலும் முட்டையை நிறுத்தாத பெட்டை, சின்னக் கொண்டைச் சேவல், இறைச்சியும் உள்ள உடம்பு, இந்த மூன்றும் ஒன்றாக நிற்கும் வரை விடவில்லை. 1918இல் இனம் வெளியே அறிமுகமானது. 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தன் தராதர நூலில் ஏற்றுக்கொண்டது.

பெயர் பிரெஞ்சுக்காரரின் பழைய நரிக்கதைகளில் வரும் சேவலின் பெயர். தெளிவாகப் பாடுபவன் என்று பொருள். எட்மோன் ரோஸ்தானின் அதே பெயர் கொண்ட நாடகம் பாரிசில் மேடையேறியது 1910இல், ஓக்காவில் கலப்புகள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில்.

கறுப்புக் கோர்னிஷ் என்று மேலே எழுதினேனே, அதன் பழைய ஆங்கிலப் பெயருக்கு 'இந்தியச் சண்டைக்கோழி' என்றுதான் பொருள். இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில், இந்தியாவிலிருந்து போன அசீல் சேவல்களின் இரத்தத்தைச் சேர்த்து உருவாக்கிய இனம் அது. அசீலுக்கும் கோர்னிஷுக்கும் தலையோடு ஒட்டிய பட்டாணிக் கொண்டை. சண்டையில் எதிராளி கொத்திப் பிடிக்க இடம் கொடுக்காத கொண்டை. வயண்டோட்டின் தட்டை ரோசாக் கொண்டையோடு அது சேர்ந்த வழியில்தான் ஓக்காத் துறவிக்கு அந்த மெத்தைக் கொண்டை கிடைத்தது. கோடை வெயிலில் சண்டைக்காகப் பேணிய ஒரு தலை, கியூபெக்கின் உறைபனிக்குக் கவசமாகியிருக்கிறது. ஊரில் பெருவிடைச் சேவலை முற்றத்தில் கட்டி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவர் யாரேனும் ஷாந்தெக்ளேர்க் குஞ்சை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால், அது முழுக்க அந்நியமல்ல என்று நான் சொல்வது விளங்கும்.

1950களுக்குப் பிறகு கதை மாறியது. முட்டைக்கு ஒரு கலப்பினம், இறைச்சிக்கு வேறொரு கலப்பினம் என்று தொழிற்சாலைக் கோழிகள் வந்தன. இரண்டையும் ஓரளவு தரும் பண்ணைக் கோழிக்கு வேலை இல்லாமல் போனது. 1979இல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் எஞ்சியிருந்ததும் போனபோது இனமே அற்றுவிட்டது என்று எழுதிவிட்டார்கள். பிறகு தேடிப் பார்த்தால் யாருக்கும் சொல்லாமல் சிறு பண்ணைக்காரர் சிலர் அதை வைத்திருந்தார்கள். பழக்கத்தால் வைத்திருந்தார்கள், வேறு காரணம் எதுவுமில்லை. இன்று நாம் வாங்கும் குஞ்சுகள் அந்த முற்றங்களின் வழிவந்தவை. 1999 டிசம்பரில் கியூபெக் சட்டமன்றம் இந்த மாகாணத்தின் வேளாண் மரபுச் சொத்தாக மூன்று உயிரினங்களைச் சட்டத்தால் அறிவித்தது: கனடியன் குதிரை, கனடியன் மாடு, ஷாந்தெக்ளேர் கோழி. ஓக்காவின் துறவிகள் 2009இல் மடத்தை விட்டு சென்-ஜான்-தெ-மாத்தாவுக்குப் போய்விட்டார்கள். கோழி ஏரிக்கரையில் இருக்கிறது.

உங்களுக்கு ஏற்றதா?

கணக்கை முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பராமரிப்பில் ஷாந்தெக்ளேர்ப் பெட்டை ஆண்டுக்கு 150 முதல் 200 முட்டை வரை இடும். கடைக்கு முட்டை போடும் கலப்பினப் பெட்டை 300ஐத் தொடும். இறைச்சிக் கலப்பினக் குஞ்சு ஆறு வாரத்தில் வெட்டுக்கு வரும். ஷாந்தெக்ளேர்ச் சேவற்குஞ்சுக்கு 16 முதல் 20 வாரம் வேண்டும், அதுவரைக்கும் தீன் போட வேண்டும். கடை விலைக்கு முட்டை விற்று வீட்டுக்கடன் கட்ட நினைப்பவர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம்.

ஆனால் கணக்கில் வராதவை சில உண்டு. டிசம்பரில் கலப்பினக் கோழி முட்டையைக் குறைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும்போது ஷாந்தெக்ளேர் பனியில் இறங்கி நிற்கும். கலப்பினத்திலிருந்து அடுத்த தலைமுறையை நீங்கள் எடுக்க முடியாது, எடுத்தாலும் தாயைப்போல வராது. ஒவ்வொரு தடவையும் குஞ்சுப் பொரிப்பகத்திடம் போக வேண்டும். இதில் உங்கள் முற்றத்து முட்டையே உங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டம். ஊரில் ஒரு பெட்டையை அடைவைத்துப் பத்துக் குஞ்சு எடுத்த அம்மாக்களிடம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுதந்திரத்தின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட விவசாய வலயம். ஆனால் வீட்டு வளவும் விவசாய நிலமும் பக்கம் பக்கமாக இருக்கும் இடம் இது, விதிகள் வளவுக்கு வளவு மாறும். குஞ்சு வாங்குவதற்கு முன் நகரசபையின் வட்டாரக் கந்தோருக்கு நேரே போய், உங்கள் காணி இலக்கத்தைக் கொடுத்து, எத்தனை கோழி, சேவல் வைக்கலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேவல் விடயம் முக்கியம். சேவல் இல்லாமல் முட்டை வரும், இனம் வராது. மாகாண அளவில் 100க்குக் குறைவான முட்டைக்கோழிகளுக்குக் கோட்டா தேவையில்லை. இறைச்சிக் கோழிக்கும் ஆண்டுக்கு ஓர் எண்ணிக்கை வரை விலக்கு உண்டு. அந்த எண்ணிக்கை மாறிவருவதால் அன்றைய அளவை மாகாணக் கோழி வளர்ப்போர் சங்கத்திடம் கேளுங்கள். தரம் பிரிக்காத முட்டையைப் பண்ணை வாசலில் வாங்குபவர் கையில் நேரே கொடுக்கலாம், கடைக்குப் போட முடியாது. இறைச்சியை விற்பதானால் பரிசோதனை உள்ள வெட்டுமிடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் வீட்டுச் சட்டிக்கு வெட்டுவது வேறு.

குஞ்சு வாங்கும்போது

மே மாதத்துக் குஞ்சுக்கு ஜனவரியிலேயே சொல்லி வைக்க வேண்டும். வளர்ப்பவர்கள் அதிகமில்லை, நல்லவர்களிடம் வரிசை நீளம். வாங்கப் போகும்போது குஞ்சைப் பார்க்காதீர்கள், தாய் தகப்பனைப் பாருங்கள். சேவலின் கொண்டை மெத்தையாக இருக்கிறதா, அல்லது எங்காவது நிமிர்ந்த பல் முளைத்திருக்கிறதா? நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா? கால் மஞ்சளா? பெட்டைகள் போன டிசம்பரில் முட்டை இட்டனவா என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறிடம் பாருங்கள். வெள்ளை இறகும் சின்னக் கொண்டையும் மட்டும் வைத்து ஷாந்தெக்ளேர் என்று விற்பவர்களும் உண்டு. பழுப்பும் கறுப்புமாகக் கோடிட்ட கவுதாரி நிற ஷாந்தெக்ளேரும் உண்டு, அது ஆல்பர்ட்டாவில் ஜே. ஈ. வில்கின்சன் தனியாக உருவாக்கியது, 1935இல் தராதர நூலில் ஏறியது. பெயர் ஒன்று, வேர் வேறு. இரண்டையும் ஒரே கூட்டில் விட்டுக் கலக்காதீர்கள்.

நாட்குஞ்சு வாங்கினால் பாதிக்குப் பாதி சேவலாக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெட்டை வேண்டுமென்றால் 25 குஞ்சு எடுங்கள். மாரெக் நோய்த் தடுப்பூசி முதல் நாளிலேயே போட்டதா என்று கேட்டு வாங்குங்கள், பிறகு போடுவதில் பயன் குறைவு. முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 பாகை சூடு, அதன்பின் வாரத்துக்கு மூன்று பாகை குறைப்பு. சூடு சரியா என்று குஞ்சுகளே சொல்லும்: விளக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி. தரை எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில்தான் இரத்தக்கழிச்சல் வரும், மூன்றாம் நான்காம் வாரத்தில் ஒரே இரவில் பல குஞ்சைக் கொண்டுபோகும்.

கூடு

இதில்தான் நான் நீண்ட நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இங்கேதான் நான் பிழை விட்டேன்.

முதல் குளிர்காலத்தில் கூட்டில் எங்கெல்லாம் இடைவெளி தெரிந்ததோ அங்கெல்லாம் நுரை அடைத்தேன். ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள். கதவடிக்குப் பழைய கம்பளம். ஊரிலிருந்து வந்த மனதுக்குக் குளிர் என்றால் அடைக்க வேண்டியது என்றுதான் தோன்றும். இரண்டு வாரத்தில் உட்சுவரில் பனி படிந்து பூத்திருந்தது. கூட்டைத் திறந்தால் கண் எரிந்தது. குளிருக்கென்றே உருவான அந்தச் சேவலின் சின்னத் தாடியிலும் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. ஒரு மழைக்கால ஈரச்சேலையைச் சுற்றிக்கொண்டு பனியில் நின்றால் எப்படி இருக்கும்? அந்த நிலையில்தான் நான் அவற்றை வைத்திருந்தேன்.

கோழி தன் உடம்பாலேயே கூட்டைச் சூடாக்கும். ஆனால் அதோடு மூச்சாலும் எச்சத்தாலும் கூட்டை ஈரமாக்கும். ஈரக் காற்றில் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் உறையும் கொண்டை, காய்ந்த காற்றில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையையும் தாங்கும். ஆகவே கூரைக்கு அடியில், கோழி தங்கும் கம்புக்கு நன்றாக மேலே, இரண்டு எதிர்ச் சுவர்களிலும் வாய்கள் விடுங்கள். குளிர்காலத்திலும் மூடாதீர்கள். ஈரச்சூடு மேலேறி வெளியே போகும், கோழியின் மேல் காற்று அடிக்காது. கம்புக்கு நேரே காற்று வரும் ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும். அது கீழே இருக்கும், மேலே அல்ல. சரியாகச் செய்தீர்களா என்று அறிய மூக்குப் போதும்: விடியக் கதவைத் திறந்து குனிந்து மூச்செடுங்கள். அமோனியா நெடி வந்தால் வாய் போதாது.

தங்கும் கம்பு உருண்டையாக இருக்கக் கூடாது. நாலங்குலப் பலகையை அகலப் பக்கம் மேலே வரக் கிடையாக வையுங்கள். அப்போது கோழி விரலை மடிக்காமல் தட்டையாக வைத்து மேலே குந்தும், நெஞ்சிறகு விரல்களை மூடிக்கொள்ளும். உருண்டைக் கம்பில் விரல் நுனி வெளியே நிற்கும், அந்த நுனிதான் உறையும். ஒரு கோழிக்கு உள்ளே குறைந்தது நாலு சதுர அடி. இங்கே குளிர்காலம் நீளம் என்பதால் ஐந்து ஆறு கொடுத்தால் நல்லது. ஷாந்தெக்ளேர் சாந்தமான கோழிதான், ஆனால் நெருக்கி அடைத்தால் மிரளும், ஒன்றின் இறகை ஒன்று கொத்தும்.

தரைக்கு ஆழ்கூளம். ஐப்பசியில் ஒரு சாண் உயரத்துக்கு மரச்சீவல் போட்டுத் தொடங்கி, மேலே ஈரமாகும்போது கிளறிப் புதுச்சீவல் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். வசந்தம் வரைக்கும் முழுதாக அள்ள வேண்டாம். அடியில் நுண்ணுயிர்கள் எச்சத்தை மக்க வைக்கும், அதில் சிறிது சூடும் வரும். மாலையில் கூட்டுக்குள் ஒரு பிடி தானியம் எறிந்தால் கோழியே கிளறிவிடும். சித்திரையில் அள்ளி எடுக்கும் அந்த எருவைக் குவித்து இன்னும் சில மாதம் ஆறவைத்து மக்கிய பிறகு, கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுங்கள்.

கூட்டின் இடத்தைப் பற்றி ஒன்று. தீவைச் சுற்றி நீர் என்பதை வாங்கும்போது எல்லோரும் அழகாகத்தான் பார்ப்பார்கள். 2017 மே மாதத்திலும் 2019 சித்திரையிலும் இந்தத் தீவின் தெருக்களில் வள்ளம் ஓடியது. பனி உருகும் மாதத்தில் ஏரி எவ்வளவு உயர்ந்தது என்று பழைய அயலவரிடம் கேட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே கூட்டைக் கட்டுங்கள். கதவும் ஜன்னலும் தெற்குப் பார்க்கட்டும். முதுகு வடமேற்குக்கு.

இரவு விலங்குகளில் ரக்கூன் கெட்டிக்காரன். சாதாரணக் கொக்கியைக் கையால் திறக்கும், கோழி வலையைக் கிழிக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையை எல்லாத் திறப்புக்கும் அடியுங்கள், காற்று வாய்க்கும் சேர்த்து. மரநாய் போன்ற சிறிய விலங்குக்கு ஓர் அங்குல ஓட்டை போதும். வெள்ளைக் கோழி பருந்தின் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும் என்பதால் ஓடுமுற்றத்துக்கு மேலேயும் வலை வேண்டும். பனியில் மட்டும் அந்த வெள்ளை மறைந்துவிடும்.

ஏரிமேல் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் வாத்தும் தாராவும் ஆயிரக்கணக்கில் இறங்கும். 2022இலிருந்து கியூபெக்கில் பறவைக் காய்ச்சல் பண்ணைகளைத் தாக்கி வருகிறது. ஆகவே தீனும் தண்ணீரும் எப்போதும் கூரையின் கீழேதான். ஏரித் தண்ணீரைக் கோழிக்கு வைக்கக் கூடாது. கூட்டுக்கென்று ஒரு சோடிச் சப்பாத்து வையுங்கள், கரையில் நடந்த சப்பாத்தோடு உள்ளே போகாதீர்கள். கோழிகள் திடீரென்று பல சேர்ந்து செத்தால் புதைக்க ஓடாமல் மிருக வைத்தியருக்கும் கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்துக்கும் உடனே தொலைபேசி எடுங்கள்.

குளிர்கால நாள்

தண்ணீர்தான் பெரிய வேலை. தண்ணீர் உறைந்தால் தீன் இறங்காது, தீன் இறங்காவிட்டால் முட்டை இல்லை. அடியில் சூடாகும் தண்ணீர்த் தட்டுக் கடைகளில் கிடைக்கும். மின்சாரம் இல்லாதவர் கறுப்பு ரப்பர்ச் சட்டி இரண்டு வைத்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை மாற்றலாம், ரப்பரைத் தட்டினால் பனிக்கட்டி கழன்று விழும். சூட்டு விளக்கை மட்டும் வைக்காதீர்கள். காய்ந்த சீவலும் தூசியும் நிறைந்த கூட்டில் அந்த விளக்கு விழுந்து எரிந்த கூடுகள் எத்தனையோ. வளர்ந்த ஷாந்தெக்ளேருக்கு அது தேவையுமில்லை.

ஒரு பெட்டை நாளுக்கு 120 கிராம் அளவில் தீன் எடுக்கும், கடுங்குளிரில் இன்னும் கூடுதலாக. 16 சதவீதப் புரதமுள்ள முட்டைத் தீனை எப்போதும் வைத்திருங்கள், கூடவே தனிப் பாத்திரத்தில் சிப்பித்தூள். பொழுதுபடும் முன் ஒரு பிடி உடைத்த சோளம் எறிவது இரவுச் சமிபாட்டுச் சூட்டுக்கு நல்லது. அதற்கு மேல் கொடுத்தால் கொழுப்புப் பிடித்து முட்டை குறையும்.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் எட்டே முக்கால் மணிநேரம்கூடச் சரியாக வராது. பெட்டைக்கு நன்றாக முட்டையிட 14 மணிநேர வெளிச்சம் வேண்டும். குறைந்த ஒளியுள்ள ஒரு விளக்கை நேரக் கருவியோடு பொருத்தி விடியப்புறத்தில் ஏற்றுங்கள், மாலையில் இயற்கையாக இருளட்டும். மாலையில் ஏற்றித் திடீரென்று அணைத்தால் கம்புக்கு ஏறாத கோழி இருட்டில் தரையில் கிடக்கும். என் பழக்கத்தைச் சொல்வதானால், முதல் ஆண்டுப் பெட்டைகளுக்கு விளக்கே போடுவதில்லை. எவை இருளிலும் இடுகின்றன என்று பார்க்கத்தான். சகோதரர் வில்ஃப்ரிட் தேடியதும் அவற்றைத்தான்.

முட்டையை நாளுக்கு மூன்று தடவை எடுக்க வேண்டும், உறைந்தால் ஓடு வெடிக்கும். வெளியே பனியை ஒதுக்கி வைக்கோல் பரப்பிவிட்டால் இந்தக் கோழி காற்றில்லாத நாளில் தானாக வெளியே வரும். கடும் காற்றில் விடாதீர்கள்.

கோடையில்தான் உண்மையில் இது சிரமப்படும். ஜூலையில் ஈரப்பதத்தோடு 33 பாகை வரும் நாளில் சூட்டை வெளியேற்றக் கொண்டை இல்லை. இறகுக் கட்டு வேறு. நிழல், குளிர்ந்த தண்ணீர், காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். ஊருக்கு முட்டை கொண்டுபோய்ப் பொரிக்க வைக்கலாமா என்று கேட்ட ஒருவருக்கு வேண்டாம் என்றேன். வன்னி வெயிலுக்கு ஊர்க்கோழி இருக்கிறது, அதன் இடத்தில் அதைவிட்டால் இல்லை.

சேவலைத் தெரிவது

இனத்தைக் காப்பது என்றால் எல்லாவற்றையும் உயிரோடு வைத்திருப்பது என்று நினைத்துவிட்டுப் பலர் கூட்டத்தைக் கெடுக்கிறார்கள். கழிக்காத கூட்டம் சில தலைமுறையில் வெறும் வெள்ளைக் கோழிக் கூட்டமாகிவிடும். 20 வாரத்தில் சேவல்கள் எல்லாவற்றையும் தராசில் வையுங்கள். ஒற்றைக் கொண்டை எழுந்ததை முதலில் ஒதுக்குங்கள். வளைந்த நெஞ்செலும்பு, வளைந்த விரல், மனிதரைப் பாயும் குணம் ஆகியவற்றை அடுத்து. மிஞ்சியதில் நிறை கூடியதையும், நல்ல குளிர்கால முட்டைத் தாயின் மகனையும் வையுங்கள். அதற்குத் தாய் யாரென்று தெரிய வேண்டும், ஆகவே பெட்டைகளுக்கு இலக்கமிட்ட கால் வளையம் போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், ஆனால் ஒரே சேவலை நம்பாதீர்கள். ஒரு நரி வந்தால் இனம் போயிற்று.

உறவுக்குள் கலப்பைத் தவிர்க்க மூன்று குடும்பமாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு வளைய நிறம் கொடுங்கள். மகள்கள் தாயின் குடும்பத்திலேயே நிற்கட்டும். மகன்கள் ஒவ்வொரு ஆண்டும் அடுத்த குடும்பத்துக்குப் போகட்டும்: சிவப்புச் சேவல் நீலத்துக்கு, நீலம் மஞ்சளுக்கு, மஞ்சள் சிவப்புக்கு. நம்மவர் கலியாணப் பேச்சில் கோத்திரம் பார்ப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதல்ல. மூன்று குடும்பத்துக்கு இடமில்லாதவர், இன்னும் இரண்டு வளர்ப்பவரோடு பேசி ஆளுக்கு ஒன்று வைத்து ஆண்டுக்கொருமுறை சேவலை மாற்றிக்கொள்ளலாம். சிறு பண்ணைக்கு அதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம்.

மார்ச் கடைசியில் முட்டை சேர்க்கத் தொடங்குங்கள். உறையாமல் உடனே எடுத்து, 13 முதல் 15 பாகைக் குளிரான அறையில், ஒரு வாரத்துக்கு மேற்படாமல் வையுங்கள். பொரிக்கருவி என்றால் 37.5 பாகை, 18ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பி, பிறகு திருப்பாமல் ஈரப்பதத்தைக் கூட்டி, 21ஆம் நாள் குஞ்சு. பெட்டைகளில் சில தானாகவே அடைக்குக் கிடக்கும். அப்படி ஒன்று கிடந்தால் கருவியை அணைத்துவிட்டு அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துப் பாருங்கள். தாயோடு வளர்ந்த குஞ்சு பருந்தைக் கண்டதும் ஒளியும், விளக்கடியில் வளர்ந்தது நின்று பார்க்கும்.

கழித்த சேவல்கள்

ஐப்பசியில் முற்றத்தில் பத்துப் பதினைந்து சேவல் மிஞ்சும். அவற்றை உண்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி, உண்ணாமல் இந்த இனத்தை யாரும் காத்ததில்லை. வெட்டிச் சுத்தம் செய்த கோழியை உடனே சமைக்காமல் குளிர்ப்பெட்டியில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வையுங்கள். விறைப்பு இறங்கினால்தான் தசை இளகும். கடைக் கோழிக்குப் பழகிய நேரக் கணக்கை மறந்துவிடுங்கள். 20 வாரச் சேவல் மூடிய சட்டியில் சிறு நெருப்பில் ஒன்றேகால் மணிநேரம் கேட்கும். முட்டை ஓய்ந்த மூன்று வயதுப் பெட்டை இரண்டரை மூன்று மணிநேரம் கேட்கும், அதைச் சூப்புக்கு எடுங்கள், மஞ்சள் கொழுப்பு மேலே மிதக்கும். குழம்புக்கு வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை வதக்கி, கறித்தூளில் இறைச்சியைப் பிரட்டித் தண்ணீர் விட்டு மூடி, எலும்பிலிருந்து தசை கழலத் தொடங்கும் வரைக்கும் திறக்காதீர்கள். தேங்காய்ப்பால் கடைசியில், அதுவும் கொஞ்சம்.